வெறும் சேலைனில் என் பேத்தி பட்டினி கிடக்கிறாளா?

கேள்வி: எங்களுக்குப் பெரியகல்லாறு, டொக்டர். மகளுக்குப் பிரஷர் கூடினதால் 28 வாரத்திலேயே ஒப்பரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண்பிள்ளை, 980 கிராம். இன்றைக்கு 11 நாள். ஐந்தாம் நாள் 870 கிராமுக்கு இறங்கி, இப்போது 930 என்கிறார்கள். முதலில் தொப்புளிலும் இப்போது கையிலும் குழாய் போட்டு ஒரு மஞ்சள் தண்ணியும் ஒரு வெள்ளைத் தண்ணியும் ஏற்றுகிறார்கள். வாய்க்குழாயால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் 2 மில்லி பால்தான், அதையும் வயிறு ஊதியது என்று நடுவில் இரண்டு நாள் நிறுத்தி வைத்தார்கள். பட்டினி போட்டுத்தான் பிள்ளை இறங்கிப் போகுது என்று சொந்தக்காரர் எல்லாரும் சொல்கிறார்கள், இந்தச் சேலைன் ஈரலைப் பழுதாக்கும் என்றும் ஒருவர் சொன்னார். பால்மா வாங்கிக் கொடுத்துக் கேட்டுப் பார்க்கவா? மகளும் அங்கே தாய்மார் அறையில் கிடந்து வாடுகிறாள். 31ஆம் நாள் துடக்குக் கழியும் வரைக்கும் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்து பார்க்கட்டா?

பதில்: அம்மா, உங்கள் பேத்தி பட்டினி கிடக்கவில்லை. நீங்கள் சேலைன் என்று நினைக்கிற அந்த இரண்டு தண்ணியும்தான் இப்போது அவளுக்குச் சோறு, மீன், முட்டை, எண்ணெய் எல்லாம்.

சேலைன் என்பது வெறும் உப்புத் தண்ணி. இது அது இல்லை. மஞ்சளாக இருப்பதில் குளுக்கோஸ் இருக்கிறது, அமினோ அமிலங்கள் இருக்கின்றன, அதோடு உப்பு வகைகள், கல்சியம், பொஸ்பேட், விற்றமின்கள். அந்த மஞ்சள் நிறமே பெரும்பாலும் விற்றமின்களால் வருவதுதான், வெளிச்சம் பட்டால் அவை கெட்டுவிடும் என்பதால் சில இடங்களில் பையையும் குழாயையும் மூடி வைத்திருப்பார்கள். அமினோ அமிலம் என்றால் பயப்பட வேண்டாம், நாம் மீனோ பருப்போ சாப்பிட்டால் குடல் அதை உடைத்து உடைத்துக் கடைசியில் இரத்தத்துக்குள் விடுகிற வடிவம் அதுதான், பிள்ளையின் குடலுக்கு அந்த வேலை இன்னும் வராததால் உடைத்த நிலையிலேயே நேரே இரத்தத்தில் கொடுக்கிறோம். வெள்ளையாக இருப்பது கொழுப்பு. சோயா எண்ணெய் போன்றவற்றை மிக நுண்ணிய துளிகளாக்கித் தண்ணீரில் கலந்திருப்பார்கள், சில வகைகளில் மீன் எண்ணெயும் சேர்ந்திருக்கும். 20 சதவீதக் கொழுப்புக் கலவை என்றால் ஒரு மில்லியிலேயே 2 கிலோகலோரி சக்தி இருக்கிறது. வார்ட்டில் இந்த மொத்த ஏற்பாட்டையும் டிபிஎன் என்பார்கள். நீங்கள் நாளவழி உணவு, அதாவது இரத்த நாளத்தின் வழியாகப் போகிற உணவு, என்று சொல்லிக்கொள்ளுங்கள், கேட்கிற சொந்தக்காரருக்கும் அப்படியே சொல்லுங்கள்.

முதலில் தொப்புளில் போட்டதற்கும் காரணம் இருக்கிறது. பிறந்த சில நாட்களுக்குத் தொப்புள் நாளம் திறந்திருக்கும், அந்தப் பாதையில் பெரிய இரத்தக் குழாய்க்கு எளிதாகப் போய்ச் சேரலாம். அதைக் கன நாள் வைத்திருந்தால் கிருமி பிடிக்கும், அதனால்தான் எடுத்துவிட்டுக் கை வழியாக ஒரு மெல்லிய நீளக் குழாயை உள்ளே கொண்டுபோய் வைத்திருப்பார்கள். புறங்கையில் போடுகிற சாதாரண ஊசி இந்த உணவின் செறிவைத் தாங்காது, நாளம் வெந்து வீங்கிவிடும்.

இந்த உணவு ஏன் இவ்வளவு அவசியம் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ பிள்ளை வளராமல், சும்மா மூச்சு விட்டுக்கொண்டு உயிரோடு கிடப்பதற்கே நாளுக்கு 45 முதல் 55 கிலோகலோரி வேண்டும். முதல் நாளில் 10 சதவீதக் குளுக்கோஸ் தண்ணியை 80 மில்லி கொடுத்தால் அதில் இருப்பது 8 கிராம் குளுக்கோஸ், சுமார் 27 கிலோகலோரி. பாதிதான். மீதியை எங்கேயிருந்து எடுப்பாள்? நிறைமாதப் பிள்ளைக்குத் தோலுக்குக் கீழே கொழுப்பு இருக்கும், அதை எரித்துச் சமாளிக்கும், 28 வாரப் பிள்ளைக்கு அது இல்லை. தாய் தன் உடம்பிலிருந்து கொழுப்பையும் கல்சியத்தையும் இரும்பையும் பிள்ளைக்கு அள்ளிக் கொடுப்பது கடைசி மூன்று மாதத்தில்தான், உங்கள் பேத்தி அதற்கு முன்பே வந்துவிட்டாள். குளுக்கோஸ் மட்டும் கொடுத்து விட்டால் இந்தப் பிள்ளைகள் நாளுக்கு ஒரு கிராமுக்கு மேல் தங்கள் சொந்தப் புரதத்தையே இழக்கிறார்கள், அதாவது தசையைத் தின்று உயிர் வாழ்கிறார்கள்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த வார்ட்டில், இடம் வேண்டாம், இப்படித்தான் நடந்தது. மூன்று நான்கு நாள் குளுக்கோஸ் மட்டும் ஓடும், பிள்ளை கொஞ்சம் தேறட்டும் பிறகு பார்க்கலாம் என்பதுதான் அன்றைய நினைப்பு, தெரிந்து யாரும் கெடுதல் செய்யவில்லை. ஆனால் தொடையில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்க, கிழவர் முகத்தோடு கிடந்த அந்தப் பிள்ளைகள் எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறார்கள். இப்போது அப்படி இல்லை. 2018இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டல், முதல் நாளே ஒரு கிலோவுக்குக் குறைந்தது 1.5 கிராம் அமினோ அமிலம், இரண்டாம் நாளிலிருந்து 2.5 முதல் 3.5 கிராம், கொழுப்பை இரண்டாம் நாளுக்கு மேல் தள்ளிப் போடவே கூடாது என்று சொல்கிறது. இந்த முறை ஒன்றும் நேற்று முளைத்ததில்லை அம்மா. அமெரிக்காவில் ஸ்டான்லி டட்ரிக் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் முதலில் நாய்க்குட்டிகளை நாளவழி உணவிலேயே வளர்த்துக் காட்டினார். பிறகு அவரும் வில்மோர் என்பவரும் குடல் சரியாக உருவாகாமல் பிறந்த ஒரு குழந்தைக்கு அதே வழியில் உணவு கொடுத்து வளர வைத்ததை 1968இல் வெளியிட்டார்கள்.

சரி, நிறை ஏன் இறங்கியது? 28 வாரப் பிள்ளையின் உடம்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர். பிறந்த பிறகு அதில் ஒரு பகுதி வெளியே போக வேண்டும், போனால்தான் நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் நல்லது. அதனால் முதல் வாரத்தில் பிறந்த நிறையில் 10, 15 சதவீதம் வரைக்கும் இறங்கலாம். உங்கள் பேத்தி இறங்கியது 110 கிராம், 11 சதவீதம் சொச்சம், அதிலும் 60 கிராமை ஆறு நாளில் திரும்பப் பிடித்துவிட்டாள். இப்படிப்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு வாரமளவில் பிறந்த நிறைக்குத் திரும்புவார்கள், மிகச் சிறியவர்களுக்கு இன்னும் சில நாள் கூடலாம். அவள் சரியான பாதையில்தான் போகிறாள். அதற்குப் பிறகு நாங்கள் எதிர்பார்ப்பது ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம், தாயின் வயிற்றில் இருந்திருந்தாலும் கிட்டத்தட்ட இந்த அளவில்தான் கூடியிருப்பாள். ஒரு மேசைக்கரண்டி சீனியின் நிறைதான் ஒரு நாள் வளர்ச்சி, அதனால் ஒரு நாள் 5 கிராம் குறைந்தது என்று அழுது, அடுத்த நாள் 30 கிராம் கூடியது என்று சிரித்து நெஞ்சைப் புண்ணாக்க வேண்டாம். ஒரு வாரக் கணக்கைக் கேளுங்கள். தலைச் சுற்றளவையும் நீளத்தையும் சேர்த்துக் கேளுங்கள். தண்ணீர் கோத்தாலும் நிறை கூடும், தலை வளர்வதும் எலும்பு நீள்வதும்தான் பிள்ளை உண்மையில் வளர்கிறாள் என்பதற்கு நம்பத்தக்க அடையாளம்.

அப்படியானால் இன்னும் கூடக் கொடுத்தால் இன்னும் கெதியாக வளருமே என்று கேட்பீர்கள். மருத்துவர்களும் அப்படி நினைத்திருக்கிறார்கள். நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் ஒரு கிலோவுக்குக் குறைந்த 434 பிள்ளைகளைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு முதல் ஐந்து நாளும் வழமையான அளவுக்கு மேல் நாளுக்கு ஒரு கிராம் அமினோ அமிலம் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் முடிவு வந்தது: மூளை வளர்ச்சியில் குறையில்லாமல் இரண்டு வயதைத் தொட்ட பிள்ளைகளின் விகிதம் அதனால் கூடவில்லை. பிந்தக் கூடாது, ஆனால் அளவுக்கு மேலும் திணிக்கக் கூடாது, நான் இந்த விஷயத்தில் வந்து நிற்கிற இடம் இதுதான். அதனால்தான் அடிக்கடி இரத்தம் எடுத்து குளுக்கோஸ், பொஸ்பேட், பொட்டாசியம் எல்லாம் பார்க்கிறார்கள். அந்தக் குட்டிக் குதிக்காலில் குத்துவதைப் பார்க்க உங்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்று தெரியும், ஆனாலும் அதைத் தடுக்காதீர்கள்.

ஈரல் பற்றிச் சொன்னவர் முழுப் பொய் சொல்லவில்லை. வாரக்கணக்கில் நாளவழி உணவு மட்டுமே ஓடினால், குடலுக்குள் ஒன்றும் போகாமல் இருந்தால், சில பிள்ளைகளுக்குப் பித்தம் தேங்கும். பெரும்பாலானவர்களுக்குப் பால் கூடி டிபிஎன் நின்றதும் மெல்ல மெல்லச் சரியாகிவிடும். பிள்ளையின் மலம் வெளுத்துச் சாம்பல் நிறமாக இருப்பதை மகள் கண்டால் உடனே தாதியிடம் சொல்லட்டும். உண்மையில் நான் ஈரலை விடக் கூடப் பயப்படுவது குழாய் வழியே கிருமி போவதைத்தான், உங்களை எல்லாம் உள்ளே விடாமல் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தி வைப்பதும், மகளைத் திரும்பத் திரும்பக் கை கழுவச் சொல்வதும் அதற்காகத்தான்.

இந்தக் குழாயை எவ்வளவு கெதியாக எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது, அதை எடுக்க வைக்கக்கூடியது அந்த 2 மில்லி பால். கொஞ்சம் என்று நினைக்காதீர்கள். அது இப்போது வயிறு நிறையக் கொடுக்கிற பால் இல்லை, குடலை எழுப்புகிற பால். 28 வாரக் குடல் மெல்லிய காகிதம் மாதிரி, அவசரப்பட்டால் குடல் சுவர் அழுகிப் போகிற ஒரு கடுமையான நோய் வரலாம், வயிறு ஊதியதும் பாலை நிறுத்தியது அந்தப் பயத்தில்தான். நிறுத்திய இரண்டு நாளும் அவளைத் தாங்கியது நாளவழி உணவு. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைகளுக்கு இந்த நோய் குறைவு, பால்மா குடிக்கிற பிள்ளைகளுக்கு அதிகம். அதனால் பால்மா வாங்கிப் போகாதீர்கள், யாரிடமும் கேட்கவும் வேண்டாம். பிறகொரு நாள் தாய்ப்பாலோடு ஒரு ஊட்டத்தூளைக் கலந்து கொடுக்கலாம், அதைக் கண்டு குழம்பாதீர்கள், இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டிய புரதமும் கல்சியமும் தாய்ப்பாலில் மட்டும் போதாது என்பதால் சேர்ப்பது அது. பால் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 120 முதல் 150 மில்லி என்ற அளவுக்கு வந்ததும் குழாய்க்கு வேலை இருக்காது. உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடுகிற பழக்கம் கர்ப்பக் கணக்கில் 32, 34 வாரத்தில்தான் கூடி வரும், அதுவரை வாய்க்குழாய் இருக்கும்.

இப்போது மகளைக் கூட்டி வரட்டா என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். தயவு செய்து இப்போது வேண்டாம் அம்மா. துடக்கையும் பத்தியத்தையும் நான் இழிவாகப் பேச மாட்டேன், பெற்றவள் உடம்பு தேற வேண்டும் என்றுதானே நம் பெரியவர்கள் அவளைத் தனியே வைத்துப் பார்த்தார்கள். ஆனால் அது பிள்ளை தாயின் பக்கத்திலேயே படுத்திருந்த வீட்டுக்குச் செய்த ஏற்பாடு. இந்தப் பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள், மகள் கல்லாறுக்கு வந்துவிட்டால் பாலும் அவளோடு வந்துவிடும். பிள்ளை வாய் வைக்காத முலையில் பால் தானாகத் தொடர்ந்து சுரக்காது. இரவில் ஒருதரமாவது உட்பட, நாளுக்கு எட்டுத் தரம் கையாலோ பம்பாலோ எடுக்க வேண்டும், 2 மில்லிதானே பிள்ளைக்கு வேண்டும் என்று அதோடு நிறுத்தினால் 150 மில்லி வேண்டி வருகிற நாளில் மார்பு வற்றியிருக்கும். ஒப்பரேஷன் முடிந்து, பிரஷரும் இருந்து, பயமும் சேர்ந்த பெண்ணுக்கு முதலில் துளித் துளியாகத்தான் வரும். அந்தத் துளியைப் பார்த்து "இவ்வளவுதானா" என்று ஒருவரும் கேட்கக் கூடாது, நீங்கள் அதற்குக் காவல் இருங்கள்.

இன்னொன்று. பிள்ளையின் நிலை இடம் கொடுத்தால், குழாயோடேயே அவளை மகளின் நெஞ்சோடு தோல் படக் கிடத்தச் சொல்வார்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்கியூபேட்டர் போதாமல் தொடங்கிய முறை இது, இன்றைக்கு உலக சுகாதார நிறுவனமே நாளுக்கு 8 மணித்தியாலத்துக்குக் குறையாமல் செய்யச் சொல்கிறது. பிள்ளையின் மூச்சு சீராகும், சூடு நிற்கும், தாய்க்குப் பாலும் ஊறும். வார்ட்டில் அவர்களாகச் சொல்லாவிட்டால் மகள் கேட்கட்டும், கேட்பதில் ஒரு பிழையும் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது சோறு கொண்டு போவது. பால்சுறா வறை, முருங்கையிலை, உள்ளி போட்ட சரக்குக் கறி எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். எந்தக் கறியும் தனியே பாலைச் சுரக்க வைக்காது, மார்பை வெறுமையாக்குவதுதான் சுரக்க வைக்கும், ஆனால் அம்மா சமைத்த சாப்பாடு அவளை அந்த அறையில் இன்னொரு நாள் இருக்க வைக்கும். முட்டை, மரக்கறி, பழம், தண்ணீர் ஒன்றையும் பத்தியம் என்று குறைக்க வேண்டாம். பிரஷர் குளிசையை அவளாக நிறுத்தக் கூடாது, கடுமையான தலையிடியோ கண் மங்கலோ வந்தால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும், பிள்ளை பிறந்து ஆறு வாரம் வரைக்கும் அந்த ஆபத்து உண்டு. பிறகு எப்போதாவது ஒரு இரவுக்கு வீட்டுக்கு வந்துதான் ஆக வேண்டும் என்றால், எடுத்த பாலைச் சுத்தமான போத்தலில் உடனே ஐஸோடு ரெஜிபோம் பெட்டியில் வைத்து, நாள் நேரம் எழுதி, விடிந்ததும் கொண்டு போகட்டும், நம் ஊர் வெயிலில் பஸ்ஸில் சும்மா கொண்டு போக ஏலாது. மீன் வைத்த பெட்டி வேண்டாம், புதிதாக ஒன்று வாங்குங்கள்.

மகளிடம் சொல்லி, போன வாரமும் இந்த வாரமும் எடுத்த தலைச் சுற்றளவை தாதியிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். இப்போது எத்தனை மில்லி பால் போகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.