திரையில் போட்ட கையெழுத்து ஊரில் செல்லுமா?

கேள்வி: டாலஸில் வேலை பார்க்கிறேன். கும்பகோணம் பக்கத்தில் என் பெயரில் உள்ள மனையை விற்க அப்பாவுக்கு பவர் (எனக்குப் பதிலாகச் செயல்படும் அதிகாரப் பத்திரம்) கொடுக்கணும். இங்கே வீடியோவிலேயே நோட்டரி முத்திரை போட்டுத் தருகிறார்கள், அரை மணி நேர வேலை. அதை அனுப்பினால் போதுமா?

பதில்: அனுப்பாதீர்கள், அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய் மாதக்கணக்கில் இழுபடும். வீடியோ நோட்டரியில் மோசடி ஒன்றும் இல்லை. வர்ஜீனியா மாநிலம் 2011-லேயே அதற்குச் சட்டம் போட்டது, உங்கள் டெக்சாஸில் 2018 ஜூலை முதல் நடக்கிறது. அடையாள அட்டையைக் கேமராவில் காட்டி, 'இந்தத் தெருக்களில் எதில் குடியிருந்தீர்கள்' என்பது மாதிரி கேள்விகளுக்கு மளமளவென்று பதில் சொல்லி, நோட்டரி பார்க்கப் பார்க்கக் கையெழுத்துப் போட, எல்லாம் வீடியோவாகப் பதிவாகிறது. நேரில் போடுவதைவிட இதில் ஆதாரம் அதிகம் என்றுகூடச் சொல்வேன்.

சிக்கல் நம் பக்கம்தான். கடைசியில் கிடைப்பது ஒரு பிடிஎஃப். மின்னணு ஆவணங்களைச் செல்லுபடியாக்கும் நம்முடைய 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டமோ பவரையும் உயிலையும் தன் வரம்புக்கு வெளியே நிறுத்திவிட்டது (வங்கி மாதிரி நிதி நிறுவனங்களுக்குக் கொடுக்கும் பவருக்கு மட்டும் 2022-இல் விலக்கு வந்தது). என்னிடம் வந்த ஒருவர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பத்திர ஆபீஸ் போனார். அலுவலர் தாளைத் திருப்பிப் பார்த்து, கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்து, "இது ஜெராக்ஸ் சார், ஒரிஜினல் கொண்டு வாங்க" என்றாராம். அதுதான் ஒரிஜினல் என்று யார் அவருக்குப் புரியவைப்பது?

அதனால் பழைய வழிதான். தாளில் அச்செடுத்து, நேரில் ஒரு நோட்டரி முன்னால் மைப் பேனாவால் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் ஆஸ்டினில் உள்ள மாநிலச் செயலர் அலுவலகத்தில் அப்போஸ்டில் (நோட்டரியின் முத்திரை உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசுச் சான்று) வாங்குங்கள். அந்தச் சான்றை ஏற்கும் சர்வதேச ஒப்பந்தத்தில் இந்தியா 2005-லிருந்து இருக்கிறது. இல்லையென்றால் ஹூஸ்டன் இந்தியத் துணைத் தூதரகம் வழியாகச் சான்றொப்பம் பெறலாம். எந்த வழியை ஏற்பார்கள் என்று அப்பாவைச் சார்பதிவாளரிடம் முன்னாடியே கேட்டுவைக்கச் சொல்லுங்கள். பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியாகணும், எனவே தேதி போட்ட கூரியர் உறையைக் கிழித்துப் போட்டுவிடாமல் பத்திரத்தோடு வைத்திருக்கட்டும். விற்கும் சமயத்தில் நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்பதற்கும் சான்று கேட்பார்கள், கோபப்படாதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவில் என் மகன் கணக்கில் வாரிசு விவகாரம். மதுரையிலிருந்து நான் ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடணும். அமெரிக்க ஆன்லைன் நோட்டரியை இங்கிருந்தே கூப்பிடலாமா?

பதில்: சட்டம் தடுக்காது அம்மா, பல மாநிலங்களில் நோட்டரி தன் மாநிலத்தில் இருந்தால் போதும், நீங்கள் மதுரையிலும் இருக்கலாம். ஆனால் மேலே சொன்ன கேள்விகள் அமெரிக்கக் கடன் விவரங்களிலிருந்து வருபவை. அங்கே குடியிருந்திராத உங்களிடம் என்ன கேட்கும்? பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் முன்பதிவு செய்து நேரில் போனால் முத்திரைக்கு 50 டாலர். கூப்பிடும்வரை கையெழுத்தைப் போட்டுவிடாமல் எடுத்துப் போங்கள், அலுவலர் முன்னால்தான் போடணும்.

கேள்வி: நம்மூரிலேயே ஆன்லைனில் பணம் கட்டினால் நோட்டரி முத்திரையோடு வாடகை ஒப்பந்தம் வீட்டுக்கு வருகிறதே, சரியா?

பதில்: உங்களை யாராவது பார்த்தார்களா? நோட்டரியின் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டீர்களா? இரண்டும் இல்லையென்றால், நாளைக்கு வீட்டுக்காரர் "இது என் கையெழுத்தே இல்லை" என்று கோர்ட்டில் சொன்னால் அந்த முத்திரை உங்களுக்கு உதவாது.