8-ம் 8-ம் சேர்ந்தால் 15!

கேள்வி: எங்கள் கேபிள் டிவி அலுவலகத்தில் 8 கம்ப்யூட்டர்களை ஒரே கீபோர்டு, மவுஸ், மானிட்டரில் கேவிஎம் ஸ்விட்ச் வைத்து ஓட்டுகிறோம். இப்போது 14 ஆகிவிட்டது. இன்னொரு 8 போர்ட் ஸ்விட்சை இதோடு கோர்க்கலாமா? - வாசகர், குளச்சல்

பதில்: கோர்க்கலாம். ஆனால் உங்கள் மாடலில் கேஸ்கேட் வசதி (ஒரு ஸ்விட்சோடு இன்னொன்றைக் கோர்க்கும் வசதி) இருக்கிறதா என்று முதலில் மேனுவலைப் பாருங்கள், விலை குறைந்த பல பெட்டிகளில் அது கிடையாது, கடைக்காரர் 'எல்லாம் ஓடும் சார்' என்பார், நம்பாதீர்கள். இருந்தால், முதல் ஸ்விட்சின் ஒரு கம்ப்யூட்டர் போர்ட்டிலிருந்து கேபிள் எடுத்து இரண்டாவதன் கன்சோல் போர்ட்டில், அதாவது வழக்கமாக மானிட்டரும் கீபோர்டும் செருகும் இடத்தில், கொடுக்க வேண்டும். அந்த ஒரு போர்ட் இணைப்புக்கே போய்விடுவதால் மொத்தம் 16 இல்லை, 15தான். உங்களுக்குத் தாராளம்.

ஆன் செய்யும்போது முதல் ஸ்விட்ச், அப்புறம் இரண்டாவது, கடைசியில் கம்ப்யூட்டர்கள். ஒரே கம்பெனியில் ஒத்துப்போகிற மாடலாக வாங்குங்கள், இல்லையென்றால் கம்ப்யூட்டர் மாற்ற கீபோர்டில் ஸ்க்ரோல் லாக்கை இரண்டு தட்டு தட்டியதும் எந்தப் பெட்டி மாறுவது என்று இரண்டும் குழம்பலாம்.

அப்புறம், உங்கள் ஊர் உப்புக்காற்று! படம் மங்கி நிழலடித்தால் ஸ்விட்சைத் திட்டும் முன் படத்தைக் கொண்டுபோகும் விஜிஏ கேபிளைக் கழற்றி, பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.