பேய் என்ன கேட்டது?

ஐயா,
வடமொழிப் 'பிரேத'மே தேய்ந்து 'பேய்' ஆனது என்று வாட்ஸப்பில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? போன மாதம் என் சித்தப்பா மகளுக்குப் பேய் பிடித்து, கோடாங்கியிடம் கூட்டிப்போனார்கள். அதிலிருந்து இந்தச் சொல் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.
- ஒரு வாசகர், மேலூர்

அன்புள்ள தம்பி,

வாட்ஸப்காரரை விடுங்கள். தொல்காப்பிய உரியியலில் 'பே, நாம், உரும்' மூன்றுக்கும் அச்சம்தான் பொருள். அந்தப் 'பே' இருக்கும்போது பிரேதத்திடம் ஏன் கடன் வாங்கவேண்டும்? மதுரைக்காஞ்சியிலேயே நம்மூர் நடுச்சாமத்தில் 'பேயும் அணங்கும் உருவு கொண்டு' திரிகின்றன. போதும்.

யாருக்கு யாரிடம் அச்சம் என்பதுதான் என் கேள்வி. உசிலம்பட்டிப் பக்கம் என் அத்தைக்கும் பேய் பிடித்தது. கட்டிக்கொடுத்த இடத்தில் அடி தாங்காமல் ஓடி வருவாள். தாத்தா மறு பஸ்ஸிலேயே ஏற்றிவிடுவார். ஒரு நாள் தலையை விரித்துப்போட்டு ஆட ஆரம்பித்தாள். கோடாங்கி உடுக்கையை அடித்து, "யாரு தாயி நீ? என்ன வேணும்?" என்றார். மகளை "ஏய்" என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகிய தாத்தா, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "சொல்லு தாயி, செஞ்சிர்றேன்" என்று நின்றார். "இவள அந்த வீட்டுக்கு அனுப்பாத" என்றது பேய். சரி என்று தலையாட்டினார். உச்சிமுடியைப் பிடுங்கிப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்தார்கள். பேய் இறங்கியது. அத்தையைத் திரும்பவும் பஸ் ஏற்றினார்கள்.

காரைக்கால் அம்மையாரை நினைத்துக்கொள்வேன். விட்டுப்போன புருஷன் பாண்டிநாட்டில் வேறொருத்தியைக் கட்டிக் குடித்தனம் நடத்துகிறான். தேடி வந்தவளைப் பார்த்ததும் பயந்து காலில் விழுகிறான். அவனுக்காகத் தாங்கிய தசை இனி வேண்டாம் என்று அவள் கேட்டு வாங்கியது பேய் வடிவம். தன் பாட்டில் தன்னைக் 'காரைக்கால் பேய்' என்றே சொல்லிக்கொள்கிறாள். தெய்வமே 'அம்மை' என்று கூப்பிட்டதாகச் சேக்கிழார் பாடுகிறார். நாம் 'பேய்' என்ற சொல்லை வசவாக்கி வைத்திருக்கிறோம்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் தம்பி. தங்கச்சிக்கு ஒரு வரி, பிரேதத்துக்கு ஒரு கடிதமா? பேய் என்ன கேட்டது என்று நீங்கள் எழுதவே இல்லை. அவளைப் பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கு முன்னால் ஒரு காபி வாங்கிக் கொடுத்து, தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள், சொற்பிறப்பு பற்றி வாயே திறக்காதீர்கள்.