பெட்டியில் வைத்த குழந்தை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அக்காவுக்கு 32 வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. குழந்தை 1,450 கிராம். பெட்டியில் (இன்குபேட்டரில்) வைத்திருக்கிறார்கள். எப்போது கேட்டாலும் "மூணு நாள் போகட்டும்" என்கிறார்கள். எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள்?
- வாசகி, நெல்லிக்குப்பம்

தட்டிக்கழிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். பிறந்து 28 நாளுக்குள் இறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு முதல் வாரத்திலேயே இறந்துவிடுகின்றன. அதனால்தான் டாக்டர்கள் நாள் எண்ணுகிறார்கள்.

1,500 கிராமுக்குக் கீழே என்றால் மிகக் குறைந்த எடை; 1,000-க்குக் கீழே போனால் ஆபத்து பல மடங்கு. ஆனால் எடையைவிட வாரக் கணக்குதான் அதிகம் பேசும். 1,450 கிராமில் 35 வாரக் குழந்தையும் உண்டு, 30 வாரக் குழந்தையும் உண்டு. முன்னது வயிற்றில் சரியாக வளராமல் மெலிந்தது. அதன் நுரையீரல் பெரும்பாலும் தயார். பின்னதற்கு, மூச்சு விடும்போது நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் போதாது. நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, விலா உள்ளே இழுப்பது, மூச்சை விடும்போதெல்லாம் முனகல், இவை அதன் அடையாளங்கள்.

அடுத்துப் பார்ப்பவை: பிறந்ததும் அழுததா, பை வைத்துக் காற்று அழுத்த வேண்டி வந்ததா, ரத்தச் சர்க்கரை எவ்வளவு, வார்டுக்கு வந்தபோது உடம்புச் சூடு எவ்வளவு. பிரசவத்துக்கு முன் அக்காவுக்கு டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டார்களா என்று கேளுங்கள். 6 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்வதற்கு. அந்த ஊசி போட்டு, மூக்குவழி அழுத்தக் காற்று தரும் சிபேப் கருவியும் வார்டில் இருந்தால், 32 வாரக் குழந்தைகளில் பெரும்பாலானவை வீட்டுக்குப் போய்விடும்.

பிறந்த குழந்தையைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோகச் சொன்னால் என்ன செய்ய வேண்டும்? வழியில் என்ன ஆபத்து?
- வாசகர், பண்ருட்டி

முதலில் ஒன்று. முன்கூட்டியே தெரிந்தால் தாயைக் கொண்டுபோங்கள், குழந்தையை அல்ல. குறைமாதத்தில் வலி வந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, கோரிமேடு ஜிப்மர், எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடத்திலேயே பிரசவம் பார்ப்பது நல்லது. வெளியே பிறந்து கொண்டுவரப்படும் குழந்தைகள் அதிகம் இறப்பதற்கு, நோயைவிடப் பயணமே காரணமாக இருப்பதுண்டு.

வழியில் முதல் எதிரி குளிர். நம் ஊர் வெயிலில் என்ன குளிர் என்று கேட்பார்கள். ஈரத்தோடு பிறந்த 1.5 கிலோ குழந்தைக்கு மின்விசிறிக் காற்றே போதும். உடம்புச் சூடு 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால், சூடேற்றிக்கொள்ள இருக்கிற கொஞ்சச் சர்க்கரையையும் ஆக்சிஜனையும் எரித்துவிடும். சர்க்கரை விழும், மூச்சு தடுமாறும், ரத்தத்தில் அமிலம் ஏறும்; ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வரும்.

புறப்படும் முன் ஈரத்துணியை மாற்றுங்கள். தொப்பி, காலுறை போடுங்கள். மூச்சு சீராக இருக்கும் குழந்தையை அம்மாவோ அப்பாவோ சட்டையில்லாத மார்போடு அணைத்து, மேலே போர்த்திக்கொள்ளலாம். ஆம்புலன்ஸில் ஏசியை அணைக்கச் சொல்லுங்கள். கால் மணிக்கு ஒரு முறை புறங்கையால் தொட்டுப் பாருங்கள்: வயிறு வெதுவெதுப்பாக இருந்து பாதம் மட்டும் சில்லென்றால் குளிர் தொடங்கிவிட்டது, வயிறும் சில்லென்றால் அவசரம். வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். தோல் வெந்து வரும் குழந்தைகள் உண்டு.

சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வாயில் விடாதீர்கள். புறப்படும் முன்பே ஊசிமுனை ரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். 45 மி.கி.-க்குக் (டெசிலிட்டருக்கு) கீழே இருந்தால் அங்கேயே சரிசெய்துவிட்டு அனுப்புவார்கள். 108-ஐ அழைக்கும்போது பச்சிளம் குழந்தை என்று சொல்லுங்கள்; அதற்கென இன்குபேட்டர் உள்ள வண்டிகள் தமிழ்நாட்டில் உண்டு. அனுப்பும் மருத்துவமனை தரும் சீட்டில் இவை இருக்க வேண்டும்: பிறந்த நேரம், எடை, எப்போது அழுதது, பனிக்குடம் உடைந்து எத்தனை மணி நேரம், போட்ட ஊசிகள், தாயின் ரத்த வகை. போகும் இடத்தில் படுக்கை இருக்கிறதா என்று டாக்டரை விட்டே போனில் கேட்கச் சொல்லுங்கள்.

ஆண் குழந்தைதான் அதிகம் இறக்குமாமே?
- வாசகி, பாகூர்

உண்மைதான். ஒரே வாரத்தில் பிறந்தாலும் ஆண் குழந்தையின் நுரையீரல் சற்றுத் தாமதமாக முதிரும். ஆனால் வார்டில் சேர்க்கப்படும் பெண் குழந்தைகளின் எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கு உடல் வலிமை மட்டும் காரணமல்ல. "பொண்ணுதானே, காலையில பாத்துக்கலாம்" என்பதும் ஓர் ஆபத்துக் காரணிதான்.

வார்டுக்குள் மாமியாரை விடவில்லை. கிருமி வரும் என்கிறார்கள். அவ்வளவு கெடுபிடி தேவையா?
- வாசகி, வில்லியனூர்

தேவை. நம் நாட்டு வார்டுகளில் கிளெப்சியெல்லா, அசினடோபாக்டர் போன்ற கிருமிகள்தான் அதிகம். பல மருந்துகளுக்கு மசியாதவை. குழந்தைக்குக் குழந்தை அவை பரவுவது கை வழியாக. வளையல், மோதிரம், கைக்கடிகாரம் கழற்றி, முழங்கைவரை சோப்புப் போட்டு 40 முதல் 60 விநாடி கழுவுங்கள். விரல் இடுக்கு, கட்டைவிரல், நகநுனி விடுபடும் இடங்கள். முந்தானையில் துடைத்தால் கழுவியது வீண். செல்போன் வெளியிலேயே இருக்கட்டும்.

தொற்று என்றால் காய்ச்சல் வரும் என்று காத்திருக்காதீர்கள். குறைமாதக் குழந்தைக்குச் சூடு குறையவும் செய்யும். நேற்று பாலாடையில் 10 மில்லியைச் சப்புக்கொட்டிக் குடித்த குழந்தை, இன்று பாலைக் கடைவாயில் ஒழுகவிட்டுக்கொண்டு கிடக்கிறது, வயிறு உப்பியிருக்கிறது, நிறம் சாம்பல் பூத்திருக்கிறது. அதைக் கண்டதும் நர்ஸிடம் சொல்லுங்கள், அடுத்த பால் நேரம்வரை பார்க்க வேண்டாம். பிரசவத்துக்கு முன் பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் தாண்டியிருந்தாலோ, தாய்க்குக் காய்ச்சல் இருந்திருந்தாலோ கூடுதல் கவனம்.

1,200 கிராம் குழந்தையை நெஞ்சில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பெட்டிதானே பாதுகாப்பு?
- வாசகர், பரங்கிப்பேட்டை

இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 1 முதல் 1.8 கிலோ எடையுள்ள குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. இப்படி நெஞ்சோடு தோல் பட அணைத்து வைப்பதுதான் கங்காரு முறை. நிலைமை தேறும்வரை காத்திருந்து அதைத் தொடங்கியவர்களில் 28 நாளுக்குள் இறப்பு 15.7 சதவீதம், பிறந்தவுடனேயே தொடங்கியவர்களில் 12.0. நீங்கள், அப்பா, பாட்டி, யார் வேண்டுமானாலும் மாறி மாறி வைக்கலாம்; நாளுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல். குழந்தைக்கு நாப்கின், தொப்பி, காலுறை மட்டும். மார்பின் நடுவே நிமிர்த்தி, கால்களைத் தவளைபோல் மடக்கி, தலையை ஒரு பக்கம் திருப்பி, துணியால் கட்டுங்கள். முகவாய் நெஞ்சில் புதையக் கூடாது. கழுத்து மடிந்தால் மூச்சுக்குழல் அடைபடும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மூக்கையும் உதட்டு நிறத்தையும் பாருங்கள். நீங்களே தூங்கிவிடுவீர்கள் போலிருந்தால், சாய்வு நாற்காலியில் அமர்ந்து, பக்கத்தில் ஒருவரை விழித்திருக்கச் சொல்லுங்கள்.