மாமனாரின் ராணுவ நினைவுகளைப் பாட்காஸ்டாக வெளியிடலாமா?

கேள்வி: பாலக்கோடு அருகே வசிக்கிறோம். 78 வயதாகும் என் மாமனார் மதராஸ் ரெஜிமெண்டில் பணியாற்றி, 1971 போரிலும் பங்கேற்றவர். அவருடைய நினைவுகளைக் கைபேசியில் பதிவு செய்து பாட்காஸ்டாக வெளியிட விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது? எதையெல்லாம் வெளியில் சொல்லலாம்?

பதில்: மைக் வாங்கும் யோசனையைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் அவருடைய டிஸ்சார்ஜ் புக் (ஓய்வு பெறும்போது தரப்படும் பணிப்பதிவுப் புத்தகம்), பதக்கங்கள், பழைய கடிதங்கள் ஆகியவற்றைத் தேடி எடுங்கள். "போரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால், கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லி மெருகேறிய இரண்டு மூன்று கதைகளே திரும்ப வரும். அதற்கு மாறாக, டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள பதிவுகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, அந்த நாளில் எங்கிருந்தார், உடன் யார் இருந்தார்கள் என்று கேட்டால், அவரே மறந்திருந்தவை மேலே வரும். அந்தப் புத்தகம் தொலைந்திருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேட்கலாம்.

காலமும் களமும் நினைவில் குழம்புவது இயல்பு. அதைச் சரிபார்க்கப் பதக்கங்கள் பெரிதும் உதவும். 1971 போரில் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டாரும், மேற்கு முனையில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டாரும் வழங்கப்பட்டன. சங்ராம் மெடல் மட்டும் இருந்தால், அதைக் கொண்டு களத்தை முடிவு செய்ய இயலாது. கடித முகவரியில் 99 ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சலகம்) என்றிருந்தால், அது பொதுவாகக் கிழக்குப் பகுதியைக் குறிக்கும். டிசம்பர் 3 அன்று தொடங்கிய முழுப்போர், டாக்காவில் டிசம்பர் 16 அன்று நடந்த சரணடைதலோடு கிழக்கில் முடிந்தது என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு கேள்விகளை அமையுங்கள்.

ஆயினும் அவருடைய பணிக்காலத்தில் போர் நடந்த நாட்கள் மிகச் சிலவே. ராகிக் களி உண்டு வளர்ந்தவர் நீலகிரியின் வெலிங்டன் குளிரில் பயிற்சி பெற்றதும், லங்கர் எனும் ராணுவச் சமையற்கூடத்தின் சப்பாத்திக்குப் பழகியதும், இந்தி தெரியாமல் ரோல்காலில் (பெயர் அழைத்து வருகை பார்க்கும்போது) விழித்ததும், லீவில் ஜோலார்பேட்டையில் ட்ரங்குப் பெட்டியோடு இறங்கியதும் கேட்பவர்களுக்குப் பீரங்கிச் சத்தத்தைவிட அதிகம் சொல்லும் என்பது என் கருத்து. உங்கள் மாமியாரைத் தனியாகப் பேச வையுங்கள். கணவர் பக்கத்தில் இருந்தால் "அவரையே கேளுங்க" என்று ஒதுங்கிவிடுவார். மணியார்டரும் தந்தியும் வந்த கதை அவரிடம்தான் இருக்கும்.

1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் பணி ஓய்வோடு முடிந்துவிடுவதில்லை. போர் ஆவணங்களைப் பொதுவாக 25 ஆண்டுகளில் ரகசியப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று 2021இல் பாதுகாப்பு அமைச்சகம் கொள்கை வகுத்தது உண்மைதான். ஆனால் அது அரசின் ஆவணங்களுக்கான ஏற்பாடே தவிர, தனிநபர் எதையும் பேசலாம் என்ற அனுமதி அன்று. இன்றும் இயங்கும் முகாம்களின் அமைப்பு, ஆயுதக் கிடங்குகள், சங்கேதச் சொற்கள், தகவல் தொடர்பு முறைகள் ஆகியவற்றை நீக்கிவிடுங்கள். ஐயம் எழும் பகுதியையும் வெட்டிவிடுவதே நல்லது. உயிரிழந்த தோழரின் இறுதித் தருணத்தை, அவர் குடும்பத்தின் சம்மதமின்றிப் பெயரோடு சொல்ல வேண்டாம்.

பதிவு செய்வது எளிது. ஃபேனை நிறுத்தி, கைபேசியை ஏரோப்ளேன் மோடில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் மெத்தென்ற துணிமேல் வையுங்கள். மோனோ வேவ் (சுருக்கப்படாத, ஒற்றைத் தட ஒலி) கோப்பு ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 300 எம்.பி. இடம் பிடிக்கும் என்பதால், போதிய இடம் உள்ளதா என்று முன்பே பாருங்கள். மூலப் பதிவை வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாக எடுக்காதீர்கள். அதில் ஒலித்தரம் குறைந்துவிடும். பின்னணியில் அக்காலச் சினிமாப் பாடலைச் சேர்க்கும் ஆசை வரும். ஆனால் ஒலிப்பதிவுக்கான பதிப்புரிமை 60 ஆண்டுகள் என்பதால், 1971இல் வெளியான பாடலுக்கு 2031 முடியும்வரை உரிமை உண்டு.

வெட்டித் தொகுத்த பகுதியை வெளியிடுமுன் அவருக்கு முழுமையாகப் போட்டுக் காட்டி, வேண்டாம் என்பதை நீக்கி, அவருடைய சம்மதத்தையும் அவர் குரலிலேயே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். தருமபுரி அகில இந்திய வானொலி நிலையத்தை அணுகுவதாக இருந்தாலும், அதன் பிறகே அணுகுங்கள்.