பைக் பிரேக் வேலை: எதைத் திரும்பப் போடலாம், எதை மாற்றியே ஆக வேண்டும்?

கேள்வி: பிரேக் ஹோஸைக் கழற்றினேன். காப்பர் வாஷர் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதையே போட்டால் என்ன?

பதில்: புதிது போடுங்கள். ஹோஸின் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு வாஷர், முனையில் உள்ள வளையத்துக்கு இருபுறமும் ஒவ்வொன்று. அந்த வளையத்தின் வழியே போகும் துளையுள்ள பேஞ்சோ போல்ட் ஒன்றிலேயே இரண்டு ஹோஸ் வந்தால் மூன்று.

பழைய வாஷரை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், வட்டமாக ஒரு தடம் தெரியும். முதல் தடவை இறுக்கியபோது செம்பு நசுங்கி, எதிரே உள்ள மேடுபள்ளத்தில் படிந்து அடைத்த தடம் அது. நசுங்கிய செம்பு கெட்டிப்பட்டுவிடும். மறுபடி அதே இடத்தில் உட்காராது, புதிதாகப் படியவும் செய்யாது. கசிகிறதே என்று மேலும் இறுக்கும்போதுதான் அலுமினியக் காலிப்பரின் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) மரை பிய்த்துக்கொண்டு வருகிறது. பல பைக்குகளில் இந்த போல்ட்டுக்கு 25 முதல் 35 நியூட்டன் மீட்டர்தான். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணை வைத்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. வாஷரைச் சுட்டுப் போடலாமா அண்ணே?

பதில்: சுத்தச் செம்பு என்றால் செய்யலாம். மங்கிய சிவப்பு வரும்வரை அடுப்பில் காட்டித் தண்ணீரில் போடுங்கள், மறுபடி மிருதுவாகிவிடும். கருப்பை, கண்ணாடி மேல் விரித்த எமரி தாளில் சமமாகத் தேய்த்து எடுங்கள். ஆழமான கீறல் இருந்தால் சுட்டும் பயனில்லை. அலுமினிய வாஷரைச் சுடவே வேண்டாம், அது சிவக்காமலே உருகிவிடும். மாட்டியபின் லீவரை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, மூட்டைச் சுற்றி டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

கேள்வி: டிரம் பிரேக், பின் சக்கரம். டார்க் ராடின் நட்டைக் கழலாமல் காக்கும் ஸ்பிளிட் பின்னை நிமிர்த்திப் போடலாமா?

பதில்: கூடாது. வளைத்து நிமிர்த்திய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். பிரேக் ஷூ உட்காரும் பேனலைச் சுற்றவிடாமல் பிடிப்பது இந்த ராடுதான். அந்த நட் கழன்று ராடு விழுந்தால், பிரேக் பிடித்த நொடியில் பிரேக் பேனலே சக்கரத்தோடு சுற்றும். கம்பித் துண்டும் வேண்டாம். அதே அளவு புதுப் பின் போடுங்கள்.

கேள்வி: டிஸ்க் பிரேக்கில் பேட் மாற்றும்போது, பேடைத் தாங்கும் பேட் பின்னும் மாற்றணுமா?

பதில்: அவசியமில்லை. பேட் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டினால் மாற்றுங்கள். அந்தப் பள்ளத்தில் பேட் சிக்கி, டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். வழவழப்பாக இருந்தால் துடைத்துப் போடலாம். காலிப்பர் நகரும் ஸ்லைடு பின்னுக்கு சிலிகான் கிரீஸ் மட்டும். சாதா பேரிங் கிரீஸ் பட்டால் ரப்பர் பூட் ஊதிப்போய் காலிப்பர் நகராமல் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: காலிப்பர் பிஸ்டனை வெளியே எடுத்துத் துடைத்தேன். சீல் கிழியவில்லை, அதையே வைக்கலாமா சார்?

பதில்: பிஸ்டன் வெளியே வந்துவிட்டால் சீல், டஸ்ட் சீல் இரண்டுமே புதிது. எண்ணெய் தடுப்பதோடு அந்தச் சதுர வெட்டு ரப்பரின் வேலை முடிவதில்லை. பிரேக் பிடிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து முறுகும். விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பி, பிஸ்டனை மயிரிழை அளவு பின்னால் இழுக்கும். பழைய ரப்பர் கெட்டியானால் அந்த இழுப்பு போய்விடும், சக்கரம் இறுக்கமாகவே சுற்றும். பிரேக் ஆயிலில் நனைத்து, முறுகாமல் பள்ளத்தில் உட்கார வையுங்கள். பள்ளத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பதை முதலில் பிளாஸ்டிக் குச்சியால் சுரண்டுங்கள். அதை விட்டால் புது சீலும் பிஸ்டனை நெருக்கும்.

கேள்வி: காலிப்பர் போல்ட்டில் நீல மருந்து ஒட்டியிருக்கு. அதே போல்ட்டைப் போடலாமா?

பதில்: கம்பெனியிலேயே பூசிய லாக்கிங் மருந்து, ஒரு தடவைக்கானது. மேனுவல் புது போல்ட் என்றால் புதுசுதான்.

கேள்வி: பிளீட் செய்து (லைனில் உள்ள காற்றை வெளியேற்ற) வடித்த ஆயிலை வடிகட்டி ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். காற்றின் ஈரத்தை அது உறிஞ்சியிருக்கும், வடிகட்டினால் ஈரம் போகாது. டாட் 4 ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி, ஈரம் ஏறினால் 155 டிகிரி. மலை இறக்கத்தில் ஆயில் கொதித்தால் லீவர் கைப்பிடிவரை போய்விடும்.

கேள்வி: பிளீடர் நிப்பிளின் (காற்றையும் ஆயிலையும் வெளியேற்றத் திறக்கும் திருகு) மரையில் கசிவு. டெஃப்லான் டேப் சுற்றலாமா?

பதில்: அடைப்பது மரையல்ல, நிப்பிளின் கூம்பு முனை. முனையில் வடுவோ துருவோ இருந்தால் நிப்பிளை மாற்றுங்கள். பிய்ந்த டேப் துணுக்கு உள்ளே போனால் பிளீடர் வழியை அடைக்கும்.