மேற்கோள் பட்டியல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மேற்கோள்களை ஏபிஏ முறையில் தந்திருந்த என் கட்டுரையை ஒரு மருத்துவ இதழ் வான்கூவர் முறைக்கு மாற்றச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டது. பெயரும் ஆண்டும் இருந்த இடத்திலெல்லாம் எண் போட வேண்டும். மொத்தம் 62 மேற்கோள்கள், பாதிக்கு மேல் சீனியரின் ஆய்வேட்டிலிருந்து எடுத்தவை. இந்தப் புள்ளி, கமா வேலைக்கெல்லாம் என்ன அர்த்தம்? மேற்கோள்களை அடுக்கித் தரும் ஜோடெரோ மென்பொருளைப் பயன்படுத்தினால் தப்பா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஜோடெரோவைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். இலவசம்தான், விவரங்களைச் சரியாக ஏற்றியிருந்தால் எண்களை அதுவே போட்டுவிடும். வான்கூவர் முறையைத் திட்டவும் வேண்டாம். இதழுக்கு ஒரு வடிவம் என்றிருந்த தொல்லை தீரட்டும் என்றுதான் மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் 1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடினார்கள். அவ்வளவுதான், கமா பேச்சு போதும்.

‘சீனியரின் ஆய்வேட்டிலிருந்து எடுத்தவை’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை உட்கார்ந்து பதில் எழுத வைத்தது. கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிற விஷயம் இது. 1980இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கடிதம் வந்தது. ஒரே பத்தி, ஐந்தே வாக்கியம். மருத்துவமனையில் சேர்ந்து ஓபியம் வகை வலிமருந்து வாங்கிய 11,882 பேரில், முன்பு அந்தப் பழக்கம் இல்லாதவர்களில் நான்கு பேர்தான் அடிமையானார்கள் என்றது. அது படுக்கையிலிருந்த நோயாளிகளின் கணக்கு. வீட்டுக்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. 2017இல் கனடா ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது 608 இடங்களில் அது மேற்கோளாகியிருந்தது, எண்பது சதவீதத்துக்கு மேல் ‘மருத்துவமனையில் இருந்தவர்கள்’ என்பதையே சொல்லவில்லை. அந்த மருந்துகளால் அமெரிக்காவில் எத்தனை குடும்பங்கள் சீரழிந்தன என்று உங்கள் துறையில் இருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பேரழிவுக்கு இந்த மேற்கோளும் ஒரு காரணம் என்று அந்தக் கனடா ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஐந்து வாக்கியம் படிக்க ஒரு நிமிஷம் ஆகுமா? ஆனால் ஆண்டு, தொகுதி, பக்கம் என 1980;302:123 என்று வடிவம் மட்டும் சுத்தமாக இருந்தது, ஒரு கமா பிசகியிருக்காது.

என் பேராசிரியர் ஒருவர் ஆய்வேட்டை வாங்கியதும் கடைசிப் பக்கங்களைத்தான் முதலில் திறப்பார். ஏதாவது ஒரு வரியில் விரலை வைத்து, “இதை எடுத்துட்டு வாப்பா” என்பார். ஒருமுறை என் நண்பன் திருதிருவென்று முழித்தான், அந்த நூலை அவன் கண்ணால் பார்த்ததேயில்லை. எல்லார் முன்னாலும் அவனை வெளுத்து வாங்கிவிட்டு, அப்புறம் அவரே நூலகத்துக்குக் கூட்டிப்போய்த் தேடி எடுத்து, சாயங்காலம் வரை பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைத்தார்.

தம்பி, உங்கள் சீனியர் படித்தாரா என்பதே உங்களுக்குத் தெரியாது. அவருக்கும் முந்தைய ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம். இதழுக்கு எழுதி அவகாசம் கேளுங்கள். ஒவ்வொன்றாகத் திறந்து, நீங்கள் சொல்வதை அது உண்மையிலேயே சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால் தயங்காமல் தூக்கிவிடுங்கள், 62 என்பது 30 ஆனாலும் ஒன்றும் குறைந்துவிடாது. மூலம் கிடைக்காதவற்றின் பட்டியலை எனக்கு அனுப்புங்கள், நூலகத்தில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கிறேன்.